பாளையங்கோட்டை வீட்டுக்கு வெந்நீர்: ஹீட் பம்ப் வைக்கலாமா, பாய்லர் போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பாளையங்கோட்டையில் மாடியோடு புது வீடு கட்டுகிறீர்கள். மூன்று குளியலறை. வீட்டில் ஏழு பேர். அதில் 78 வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. பழைய வீட்டில் புறவாசலில் செம்புப் பாய்லர் வைத்துத்தான் வெந்நீர். இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் தம்பி, தன் வீட்டுப் பாய்லரைக் கழற்றிவிட்டு, காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரில் விடும் மின் இயந்திரமான ஹீட் பம்ப் வைத்திருக்கிறார். நீங்களும் அதையே வையுங்கள் என்கிறார். கடையில் 200 லிட்டர் ஹீட் பம்புக்கு 1,35,000 ரூபாய் விலை சொல்லி, மின்சாரத்தில் 75 சதவீதம் மிச்சமாகும் என்றார்களாம். வாங்கலாமா?

நான் இருபத்தேழு வருஷமாகக் குளிர்பதன வேலையில் இருக்கிறேன். ஐடிஐ படிப்பு, பிறகு ஏசி, ஐஸ் பிளாண்ட், குளிர்சேமிப்பு அறை, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக லாட்ஜுகளுக்கும் விடுதிகளுக்கும் ஹீட் பம்ப். குளிர்தேசத்தில் ஒரு வீட்டைச் சூடாக்கும் வேலையை நான் கையால் செய்ததில்லை. அதனால் உங்கள் தம்பி வீட்டைப் பற்றிக் கணக்கு மட்டும்தான் சொல்வேன். நம் பக்கத்து வெந்நீரைப் பற்றிப் பார்த்ததைச் சொல்வேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்களும் தம்பியும் ‘பாய்லர்’ என்று ஒரே சொல்லைச் சொல்கிறீர்கள், ஆனால் பொருள் வேறு. நமக்குப் பாய்லர் என்றால் நடுவில் குழாய் வைத்த செம்புப் பாத்திரம். குழாய்க்குள் சிரட்டையும் கரியும் போட்டுப் பற்ற வைத்தால் சுற்றியிருக்கிற தண்ணீர் சூடாகும், கீழே தட்டில் சாம்பல் விழும். குளிக்க வெந்நீர் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அங்கே பாய்லர் என்பது வாயுவில் எரியும் இயந்திரம். அது சூடாக்கிய தண்ணீர் ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேட்டருக்குள் ஓடி வீட்டையே சூடாக்கும். குளிக்கிற வெந்நீர் அதற்கு ஒரு சின்ன வேலை. நமக்கோ மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம்; வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவையே கிடையாது. ஆகவே, இயந்திரம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. கடைக்காரரும் போட்டுக் காட்ட மாட்டார்.

போடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. நம் வீட்டுத் தொட்டித் தண்ணீர் சுமாராக 28 டிகிரி. குளிக்க இதமான சூடு 40. ஆக ஏற்ற வேண்டியது 12 டிகிரி மட்டும். நாம் ஷவரில் பத்து நிமிஷம் நிற்கிறவர்கள் இல்லை, வாளியில் மொண்டு குளிக்கிறவர்கள். ஆளுக்கு ஒன்றரை வாளி, அதாவது 30 லிட்டர் என்று தாராளமாகவே வைப்போம். ஏழு பேருக்கு 210 லிட்டர். 210-ஐ 12-ஆல் பெருக்கினால் 2,520. 860-ஆல் வகுத்தால் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு உடம்பு துடைக்க, பிள்ளைகளுக்குப் பால் பாத்திரம் கழுவ என்று அரை யூனிட் சேருங்கள். கீசரில் நின்றே ஆறிப்போகும் சூட்டுக்கு இன்னொரு அரை. மொத்தம் ஒரு நாளைக்கு நாலு யூனிட்.

வருஷம் முழுக்கவும் இது கிடையாது. பங்குனி பாதியிலிருந்து வைகாசி முடிய, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் வருகிற தண்ணீரில் கை வைக்க முடியாது. சாயங்காலம் வாளியில் பிடித்து ஆற வைத்துத்தான் குளிக்கிறோம். நடுவே வெக்கை நாட்களும் கழியும். ஒன்பது மாதம், 270 நாள் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,080 யூனிட். உங்கள் வீட்டின் மொத்த வெந்நீர்த் தேவை இவ்வளவுதான். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஹீட் பம்ப். ஓடுகிற ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே இருக்கிற காய்கறியிலிருந்தும் பாலிலிருந்தும் எடுத்த சூடுதான் வெளியே வந்து நிற்கிறது. ஹீட் பம்ப் அதையே வெளிக்காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விடுகிறது. கீசரில் இருக்கிற கம்பி மின்சாரத்தைச் சூடாக மாற்றுகிறது. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு, அதற்கு மேல் வராது. ஹீட் பம்பில் மின்சாரம் சூட்டைச் சுமந்து வருகிற கூலி மட்டும்தான். ஒரு யூனிட் கூலிக்கு மூன்று யூனிட், நல்ல வெயிலில் நாலு யூனிட் சூடுகூடக் கொண்டு வந்து போடும். இது நிச்சயம், இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. கெல்வின் பிரபு என்று பின்னால் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் 1852-லேயே இதன் தத்துவத்தை எழுதிவிட்டார். அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் எபன்சீ என்ற ஊரில் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் இந்த வழியில் ஒரு இயந்திரம் செய்தார். எதற்குத் தெரியுமா? உப்புக் காய்ச்ச. தூத்துக்குடி அளத்தில் வெயில் இலவசமாகச் செய்கிற வேலையை வெயில் போதாத ஊரில் செய்ய அவருக்கு இயந்திரம் வேண்டியிருந்தது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நம் வெயில் மேல் ஒரு மரியாதை வரும்.

ஆக, 75 சதவீத மிச்சம் என்று கடையில் சொன்னது பொய்யில்லை. ஒன்றுக்கு நாலு கொண்டு வந்தால் முக்கால் பங்கு மிச்சம்தான். ஆனால் இரண்டு விஷயத்தை அவர் சொல்லவில்லை. ஒன்று, அந்த நாலு என்பது காற்று நன்றாகச் சூடாக இருந்து, தண்ணீரை மிதமாகச் சூடாக்கும்போது வருகிற எண். தண்ணீரை 60-க்குக் கொண்டு போகச் சொன்னால் இறங்கும். மழைக்கால விடியலில் இன்னும் இறங்கும். நான் மீட்டர் வைத்துப் பார்த்த இடங்களில் வருஷச் சராசரி மூன்றை ஒட்டித்தான் நின்றது. இரண்டாவது, 200 லிட்டர் தொட்டி இரவும் பகலும் சூடாகவே நிற்கும். எவ்வளவு நல்ல உறை போட்டாலும் நாளைக்கு ஒன்றரை யூனிட் அளவு சூடு வெளியே போய்விடும். பதினைந்து லிட்டர் கீசரைக் குளிக்கிற நேரத்துக்குப் போட்டு அணைக்கிறவருக்கு இந்தச் செலவு ரொம்பக் குறைவு.

ஆக, உங்களுக்கு வேண்டிய மூன்றரையும் தொட்டியில் போகிற ஒன்றரையும் சேர்த்து ஐந்து யூனிட் சூடு; அதை மூன்றால் வகுத்தால், உங்கள் வீட்டில் ஹீட் பம்ப் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.7 யூனிட் எடுக்கும். 270 நாளைக்கு 460. கீசரின் 1,080-இலிருந்து கழித்தால் மிச்சம் வருஷத்துக்கு 620 யூனிட். உங்கள் மின்கட்டணத்தின் மேல்படி யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஐயாயிரம் ரூபாய். பில்லை எடுத்துப் பார்த்து உங்கள் படிக்குத் தகுந்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு என்றால் கொஞ்சம் கூடும். மூன்று நல்ல கீசர் 30,000 ரூபாய்க்குள் முடியும். அப்படியானால் கூடுதலாகப் போடுகிற முதல் 1,05,000. ஐயாயிரம் ஐயாயிரமாக அது திரும்பி வர 21 வருஷம். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 17 வருஷம். கம்ப்ரசர் வைத்த எந்த இயந்திரமும் நம் பக்கத்து வெயிலிலும் தண்ணீரிலும் 10 முதல் 15 வருஷம் ஓடினால் நல்ல ஓட்டம். அதனால் என் பதில்: இந்த வீட்டுக்கு, இந்த விலைக்கு, வாங்காதீர்கள்.

அப்படியென்றால் தம்பி செய்தது தப்பா? அவர் கணக்கே வேறு. பிரிட்டனில் ஒரு சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 11,500 யூனிட் வாயு என்று அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் கணக்கிட்டிருந்தது. நமக்கு 1,080, அவருக்கு 11,500. ஏறக்குறையப் பத்து மடங்கு சூடு வேண்டிய வீட்டில், அதில் மூன்றில் இரண்டு பங்கைக் காற்றிலிருந்து எடுத்தால் அது பெரிய காரியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லரை மாற்றுகிறவர்களுக்கு அரசு 7,500 பவுண்டு கொடுக்கவும் செய்கிறது. குளிரில் ஹீட் பம்ப் ஓடாது என்று சிலர் சொல்வதும் சரியில்லை. நார்வே, சுவீடன், பின்லாந்து மாதிரிப் பனி தேசங்களில்தான் வீட்டுக்கு வீடு அது அதிகம். தம்பி இருக்கிற இங்கிலாந்தில் வேறு சிக்கல் உண்டு. மின்சாரத்தின் விலை வாயுவைப் போல மூன்று நாலு மடங்கு இருப்பதால், மூன்று மடங்கு சூடு கொண்டு வந்தாலும் பில் அப்படியே நிற்கக்கூடும். சுவரிலும் கூரையிலும் சூடு கசியாமல் அடைத்து, ரேடியேட்டரைப் பெரிதாக்கி, உள்ளே ஓடுகிற தண்ணீரை 70-க்குப் பதில் 45, 50-இல் ஓட்டினால்தான் அவருக்கு ஆதாயம். தம்பியிடம் பேசும்போது தண்ணீர் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று கேளுங்கள். அதைத் தெரிந்து வைத்திருந்தால் அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

நம் ஊரில் ஹீட் பம்ப் எங்கே சரி என்று கேட்டால், எனக்குத் தயக்கமில்லை. குற்றாலம் பக்கம் 24 அறை லாட்ஜ் ஒன்றில் வைத்துக் கொடுத்தேன். சீசன் நாட்களில் அருவியில் குளித்துவிட்டு வந்தாலும் சாரலில் நனைந்த உடம்புக்கு ராத்திரி வெந்நீர் கேட்காத ஆளே இருக்க மாட்டார். நாளைக்கு 1,500 லிட்டர், 26-இலிருந்து 55 டிகிரிக்கு. கணக்குப் போட்டால் 50 யூனிட் சூடு. கம்பி வைத்த ஹீட்டரில் 50 யூனிட்டும் பணம், அதுவும் வணிகக் கட்டணம். ஹீட் பம்பில் 17, 18 யூனிட். நாளைக்கு 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம். போட்ட முதல் மூன்று சீசனில் வந்துவிட்டது. சாரல் காற்றின் ஈரம்கூட அங்கே உதவி செய்கிறது. காற்றின் சூட்டை இழுக்கிற குழாய்ச் சுருளில் (காயில்) ஈரம் தண்ணீராகப் படியும்போது தன் சூட்டையும் விட்டுவிட்டுப் போகிறது. என் கைக்கணக்கு இது: நாளைக்கு 500 லிட்டர் வெந்நீர் தாண்டுகிற இடம் என்றால் ஹீட் பம்பைத் தாராளமாக யோசிக்கலாம். மாணவர் விடுதி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லாம் இதில் வரும். 300-க்குக் கீழே என்றால் வேண்டாம். நடுவில் இருப்பவர்கள் தங்கள் பில்லை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே தப்பை இன்றும் பலர் செய்கிறார்கள். முதன்முதலில் ஒரு விடுதிக்கு வைத்தபோது, மழையில் நனைய வேண்டாமே என்று இயந்திரத்தை மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைக்குள் வைத்தேன். கதவு, ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். ஹீட் பம்ப் காற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு குளிர்ந்த காற்றை வெளியே விடும். வெளியே போக வழியில்லாத அந்தக் குளிர்காற்றை அதுவே திரும்ப இழுத்தது. இரண்டு மணி நேரத்தில் அறை ஐஸ் பெட்டி மாதிரி ஆகி, பிள்ளைகள் குளிக்கிற நேரத்துக்குத் தண்ணீர் சூடாகவில்லை. நாலு நாள் பிள்ளைகள் பச்சைத்தண்ணீரில் குளித்தார்கள். அப்புறம் மொட்டை மாடிக்கு மாற்றி, மேலே தகரக் கூரை மட்டும் போட்டேன். இன்றுவரை ஓடுகிறது. பின்னாளில் ஒரு லாட்ஜில் அந்தக் குளிர்காற்றைக் குழாய் வைத்துச் சமையல்கட்டுக்கு விட்டேன். அடுப்படியில் நிற்கிறவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள்.

நம் பக்கத்தில் இந்த இயந்திரத்தைக் கெடுப்பது முதலில் தண்ணீர். பொருநை (தாமிரபரணி) ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, உப்புக் குறைவு, அதில் கவலையில்லை. போர் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகம். சூடு ஏற ஏற, அதிலும் 60-ஐ ஒட்டிப் போகும்போது, தண்ணீரைச் சூடாக்குகிற காயிலின் மேல் ஓடு மாதிரிப் படியும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்று இருக்கிறது. உங்கள் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அந்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 300-க்கு மேல் என்றால் எந்த வெந்நீர் இயந்திரம் வைத்தாலும் வருஷத்துக்கு ஒரு தரம் கழற்றிச் சுத்தம் செய்யத் தயாராக இருக்க வேண்டும். அடுத்தது பல்லியும் எறும்பும். கண்ட்ரோல் போர்டுக்குள் சூட்டுக்கு ஒதுங்கி ஷார்ட் ஆக்கிவிடும். திருச்செந்தூர், உவரி மாதிரிக் கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கும். ராத்திரி வோல்டேஜ் இறங்குகிற தெருவில் கம்ப்ரசர் திணறும். கீசரில் கெட்டால் 500 ரூபாய்க் கம்பி, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அரை மணியில் மாற்றிவிடுவார். ஹீட் பம்ப் கெட்டால் குளிர்பதன வாயு நிரப்பத் தெரிந்த ஆள் வர வேண்டும். வாங்கும் முன், சர்வீஸ் ஆள் திருநெல்வேலியிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வர வேண்டுமா என்று கேட்பது விலை கேட்பதைவிட முக்கியம்.

சூரிய வெந்நீர் அமைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு உண்மையான போட்டியாளர் அதுதான். மாடியில் நிழல் விழாத இடம் இருந்து, மூன்று குளியலறையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கம் அமைந்திருந்தால், 200 லிட்டர் அமைப்பு வருஷத்தில் எட்டு மாதம் மின்சாரமே கேட்காது. குறை என்னவென்றால், வெந்நீர் ரொம்ப வேண்டியிருக்கிற ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் அது கைவிடும். தென்காசிப் பக்கம் என்றால் ஆனி, ஆடிச் சாரலிலும் கைவிடும், போதாததற்குக் குரங்கு வந்து கண்ணாடிக் குழாயை உடைக்கும். பாளையங்கோட்டைக்கு அந்தச் சாரல் தொல்லை இல்லை. அப்போது நமக்கு வெறும் காற்றுதான். நீங்கள் மாடியில் வெயிலில் மின்சாரம் எடுக்கும் சூரிய மின்தகடு போடுகிற எண்ணத்தில் இருந்தால் கணக்கு இன்னும் மாறும். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. பகல் மின்சாரம் சொந்தமாக இருக்கும்போது, கீசரைப் பகலில் போட்டுவிட்டாலே போதும்.

செம்புப் பாய்லரைத் தூக்கிப் போடாதீர்கள். சொந்தத் தோப்பில் தென்னை மட்டையும் சிரட்டையும் கிடைக்கிற வீட்டில் அதைவிட மலிவான வெந்நீர் கிடையாது. ஆனால் புறவாசலில், திறந்த இடத்தில் மட்டும். அம்மாவுக்கு இந்த வயதில் புகை ஆகாது. மிஞ்சிய கரித்தணலை மழைநாளில் உள்ளே கொண்டு வந்து வைக்கிற பழக்கம் பழைய வீடுகளில் உண்டு. அதை யாரும் செய்யக் கூடாது. அதே காரணத்துக்காக, குளியலறைக்குள் கேஸ் கீசரும் வேண்டாம். அடைத்த அறையில் எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைத் தட்டுகிறவர்களுக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். வைத்தே தீர வேண்டுமென்றால் வெளிச்சுவரில் வைத்துக் குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும்.

சரி, உங்கள் வீட்டில் நானாக இருந்தால் என்ன செய்வேன்? கீழே அம்மா குளியலறையில் ஐந்து நட்சத்திரம் போட்ட 25 லிட்டர் கீசர், மாடியில் இரண்டுக்கும் 15 லிட்டர் வீதம். ஒவ்வொன்றும் அந்தந்த அறையிலேயே. மாடியிலிருந்து கீழே வருகிற முக்கால் அங்குலக் குழாய் 20 மீட்டர் நீளம் இருந்தால் அதற்குள் மட்டும் ஐந்து லிட்டர் தண்ணீர் நிற்கும். வெந்நீர் வருமுன் அவ்வளவு பச்சைத்தண்ணீரை விட வேண்டும், குளித்து முடித்தபின் அவ்வளவு வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். கீசருக்குத் தனித்தனி வயர், சரியான எர்த், மெயினில் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். நான் இதில் இரண்டு வீட்டில் சாவைப் பார்த்திருக்கிறேன்.

என் பதில் மாறக்கூடிய நிலைமையும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து எல்லோரும் காலை மாலை ஷவரில் குளிக்கத் தொடங்கினால், அல்லது மாடியை வாடகைக்கு விட்டு ஆட்கள் பன்னிரண்டு பதிமூன்று ஆனால், தேவை 400, 500 லிட்டருக்குப் போகும். ஹீட் பம்பின் விலை இறங்கி 70,000-க்கு வந்தாலும் திரும்பக் கணக்குப் போட வேண்டும். அதனால் இப்போது சுவர் பூசுவதற்கு முன்பே மாடியிலிருந்து மூன்று குளியலறைக்கும் வெந்நீர்க் குழாய் ஒன்றைப் பதித்து, இரண்டு முனையையும் அடைத்து விட்டுவிடுங்கள். நாலாயிரம், ஐயாயிரம் செலவுதான். பின்னால் சூரிய அமைப்போ ஹீட் பம்போ எது வந்தாலும் சுவரை உடைக்க வேண்டாம். அப்படி வைக்கிற பெரிய தொட்டியை மின்சாரம் மிச்சம் என்று நினைத்து 45 டிகிரியிலேயே நிறுத்தி வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், வயதானவர்களின் நுரையீரலுக்கு அது ஆகாது. வாரம் ஒருமுறையாவது 60-ஐத் தொட வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடியில் தோலைப் பொசுக்கும் என்பதால், அம்மாவுக்கு வாளி நிரப்புகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பச்சைத்தண்ணீரைப் பிடித்துவிட்டு, அதன்மேல் வெந்நீரை விட்டு, கையை விட்டுப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.